இத்தாலிக்குப் போன படகுக்காரன்

அண்ணா, கேட்கிறாயா? நேற்றும் டீவி போட்டேன். பிள்ளை செத்து ஈரம் காயவில்லை, அந்த வீட்டில் நாடகம் ஓடுகிறது என்று கீழ் வீட்டு ஆன்ட்டி படியில் நின்று யாரிடமோ சொன்னாளாம். சொல்லட்டும். நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருக்கும். ஆனால் இதை எழுத வேறு யாரும் இல்லை.

அந்த நாடகம் தெற்கே ஏதோ ஒரு கடலோர ஊரில் நடக்கிறது. சிங்கள நாடகம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. படகுகள் வைத்திருக்கிற ஒரு முதலாளியம்மா, அவளுடைய மகள், அந்த மகள் பிடிவாதமாகக் கட்டிக்கொண்ட ஏழைப் படகுக்காரன். எங்கள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் கட்டிக் கொழும்புக்கு, இந்த வெள்ளவத்தைக்கு வந்தவள். இத்தனை வருடத்திலும் சிங்களத்தில் கடையில் விலை கேட்க மட்டும்தான் தெரியும். நீ மருதானையில் போன் திருத்துகிற கடையில் நின்று சிங்களம் பழகியவன். வேலை முடிந்து வந்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்வாய்.

சும்மா சொல்ல மாட்டாய். முதலாளியம்மாவுக்கு, எங்களிடம் வாடகை வாங்குகிற வீட்டுக்காரியின் குரலைப் போடுவாய்.

“வாற மாசம் வாடகை கூட்டப் போறன், தண்ணிய அளவாப் பாவியுங்கோ எண்டு சொல்லுறா.”

“படகுக்காரனிட்ட ஏன்டா வாடகை கேக்கிறா?”

“அவ ஆரைக் கண்டாலும் கேப்பா, அம்மா.”

அம்மா சிரிப்பாள். டீவியில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள். ரயில் போனால் ஜன்னல் அதிரும், ஒரு சொல்லும் கேட்காது. அப்போதும் நீ நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவாய்.

அப்பா மாரடைப்பில் செத்த வருடம்தான் அந்தப் படகுக்காரனும் கடலில் செத்தான். உடுப்புக் கடையில் நிற்கிற எனக்கும் சிங்களம் விளங்கும். கவிழ்ந்த படகைக் காட்டினார்கள். மகள் மணலில் விழுந்து அழுதாள்.

“என்னவாம்?” என்று அம்மா உன் முகத்தைப் பார்த்தாள்.

“கப்பலில இத்தாலிக்குப் போயிட்டானாம். சொல்லாமப் போயிட்டான் எண்டு அழுகிறா.”

“படகு கவுண்டு கிடக்கு?”

“வித்துப்போட்டாவது போயிருக்கலாம். விசரன்.”

பிறகு அவள் வெள்ளைச் சேலை கட்டி விகாரைக்குப் போனாள். புருசன் சுகமாக வரவேண்டும் என்று நேர்த்தி வைத்திருக்கிறாள் என்றாய். போயா என்கிற பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்துப் போகிற சனத்தைப் பார்த்துப் பழகிய அம்மா அதையும் நம்பினாள். “கல்நெஞ்சன், ஒரு போன்கோல் எடுக்கிறானில்லையே” என்று அவனைத் திட்டித் திட்டி எங்களுக்குப் புட்டு வைப்பாள். நான் குசினிக்குள் உன்னைப் பிடித்தேன்.

“ஏன் அம்மாவுக்குப் பொய் சொல்லுறாய்?”

“பொய் இல்லடி. அவங்கட நாடகத்தில செத்தவன். எங்கட நாடகத்தில இத்தாலியில கோப்பை கழுவுறான்.”

இப்போது நீயே இல்லை. டெங்கு. காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சார்ஜரை எடுத்து வைக்கச் சொன்னாய். பொரளைச் சுடலையில் எரித்துவிட்டு வந்தோம்.

பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியதும் டீவியின் மேல் வெள்ளைத் துணி போட்டாள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும் மட்டும் எடுக்கக் கூடாதாம். அம்மா சாப்பிடவில்லை. பிளேன்டீயை வாயில் வைத்துவிட்டு அப்படியே கீழே வைத்தாள். யார் கட்டிப்பிடித்து அழுதாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போய், நீ போய், இனி இவளும் போய்விடுவாள் என்றுதான் எனக்குப் பயம். வேறு ஒன்றுக்கும் நான் பயப்படவில்லை.

ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டிலிருந்து நாடகத்தின் பாட்டு கேட்டது. அம்மா தலையைத் திருப்பினாள்.

“தொடங்கிட்டுது போல.”

நீ போன பிறகு அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. நான் எழுந்து துணியை இழுத்து எறிந்தேன்.

“செத்த வீட்டில என்னடி செய்யிறாய்? சனம் என்ன சொல்லும்?” என்றாள் பெரியம்மா.

“சனம் வந்து அம்மாவுக்குச் சோறு தீத்தட்டும். ஏலாட்டி வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும்.”

“கேக்க ஆளில்லை எண்ட துணிவு உனக்கு.”

“ஓம். துணிவுதான்.”

நீ குந்துகிற இடத்தில் நான் குந்தினேன். முதல் காட்சியே படகுக்காரனின் நினைவுத் தானம். அவன் படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு, பிக்குகளுக்குச் சாப்பாடு.

“ஏன் அவன்ர படத்துக்கு மாலை?” என்று அம்மா கேட்டாள்.

உன்னைப் போல எனக்கு உடனே வராது. பெரியம்மாவின் மகள் முந்திக்கொண்டாள். அவள் படித்தவள், இங்கே வங்கியில் வேலை.

“சின்னம்மா, அந்தாள் கடலில தாண்டு செத்து எவ்வளவு காலம். தம்பி உங்களை நல்லா ஏமாத்தியிருக்கிறான்.”

அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அண்ணா என்னெண்டு சொன்னவன்?”

“இத்தாலி.”

“அப்ப இத்தாலிதான்.”

பெரியம்மா அழத் தொடங்கினாள். “இவளுக்கு விசராக்கிப் போட்டுது. பெத்த பிள்ளை செத்ததும் விளங்கேல்லை.”

“என்ர பிள்ளை செத்தது எனக்குத் தெரியும், அக்கா,” என்றாள் அம்மா. “அதை எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவன் சொன்ன கதையில நீங்கள் கை வைக்காதேங்கோ. நீ சொல்லு பிள்ளை, மாலை ஏன்?”

“அவன்ர பிறந்தநாள். மாமி பெருசாச் செய்யிறா.”

“அந்த வீட்டுக்காரியோ?” அம்மா கொஞ்சம் யோசித்தாள். “காசு அனுப்பியிருப்பான்.”

பிறகு சோறு கேட்டாள். பருப்போடு கொஞ்சம் சாப்பிட்டாள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பளம் பொரிக்கப் போனாள்.

முப்பத்தொன்று முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். டீவி ஒரு நாளும் நிற்கவில்லை. எனக்குக் குரல் மாற்றத் தெரியாது, எல்லோரும் என் குரலில்தான் பேசுகிறார்கள். “அண்ணா இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான்” என்று அம்மா திருத்துகிறாள். போன கிழமை படகுக்காரனுக்கு விசா சரிவந்தது. பெண்சாதியை எப்படி அங்கே கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை, அவள் தினமும் டீவியில் வந்து நிற்கிறாள். ஏதாவது செய்வேன்.

இப்படி இருந்தால் உன் ஆத்மா சாந்தியடையாது என்கிறார்கள். உனக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் டீவி போடுகிறேன். என்ன ஆனாலும் நிறுத்த மாட்டேன்.

இதை வாசிக்கிற ஆட்களே, எங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டாம். கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, விகாரையோ, நீங்கள் எங்கே கும்பிடுகிறீர்களோ அங்கே என் அண்ணாவுக்காகவும் ஒருக்கால் கேளுங்கள். பெயர் தேவையில்லை. டெங்குவில் போன வெள்ளவத்தைப் பெடியன் என்று சொன்னால் போதும்.