திரை போடாத தையல் கடை

மந்தாரக்குப்பத்தில் எங்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோருக்கும் அவர் தையல்கார அம்மாதான். குள்ளமான உருவம், வெற்றிலைச் சிவப்பேறிய வாய், கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப்.

மற்ற கடைகளில் துணி வெட்டும்போது யாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளாதபடி திரையை இழுத்துவிடுவார்கள். இவரோ புதுக் கழுத்து மாதிரி எது கற்றாலும் செய்தித்தாளில் வெட்டிக் கதவில் தொங்கவிடுவார். யார் வேண்டுமானாலும் அதை வைத்து வரைந்துகொண்டு போகலாம்.

அப்படி வரைந்துகொண்டு போன ஒரு பெண் எதிரிலேயே கடை போட்டாள். தீபாவளிக் கூட்டம் முழுவதும் அங்கே போய்விட்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

“இனிமேலாவது கதவுல தொங்குற பேப்பரையெல்லாம் உள்ள எடுத்து வையுங்கம்மா” என்றேன்.

அவர் மெஷினை மிதித்தபடியே சிரித்தார். “நானும் ஒரு வூட்டு ஜன்னலாண்ட நின்னுகினு பாத்துதாங்க கத்துக்கினேன். அந்தம்மா ஜன்னல சாத்தியிருந்தா, நான் இன்னிக்கும் கரும்பு வெட்டிகினு இருப்பேன்.”

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடைப் பெண்ணே தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கையில் யாரோ அவளிடம் தைக்கக் கொடுத்த பட்டு ரவிக்கை. “அக்குள்ல இழுக்குதுக்கா, எப்படிப் பிரிச்சாலும் சரியா வரல” என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

“வா, இப்படி ஒக்காரு” என்று சொல்லி, தையல்கார அம்மா என் துணியை ஓரமாக எடுத்து வைத்தார்.

என் ரவிக்கை தீபாவளிக்கு மறுநாள்தான் கைக்கு வந்தது. ஏனோ அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.