துலாவில் நின்ற மாமாவும் மூன்றரை நிமிட றீலும்

முப்பதுகளின் கடைசியில் நான் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கந்தோரில் தட்டெழுத்தாளனாக இருந்தேன். துரைக்குத் தொழில் படம் பிடிப்பது. ஆட்டமும் பாட்டும் உள்ள படமல்ல. கொழுந்து கிள்ளுகிறவர்கள், றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று வேலை செய்யும் ஆட்களை உள்ளபடி பிடிப்பார். ஊரெல்லாம் திரிவது அவர். அதைப் பற்றிக் கடிதம் அடிப்பது நான். பத்து நிமிடம் கதிரையில் இருந்தால் என் கால்கள் தாமாக ஆடத் தொடங்கிவிடும். ஒருநாள் மேசையே நடுங்குவதைப் பார்த்த துரை, என்ன வியாதி என்று கேட்டார். படம் பிடிக்கும் ஆசை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சாவி முறுக்கி ஓட்டுகிற ஒரு சின்னக் கமராவையும் ஒரு றீலையும் எடுத்து வைத்தார். மூன்றரை நிமிடம் ஓடும். ஊரில் வேலை செய்கிறவர்களைப் பிடித்துவர வேண்டும். அதில் ஒரேயொரு நிமிடம் பார்க்கக்கூடியதாக இருந்தாலும் என்னைத் தன்னோடு கூட்டிப் போவார். இல்லாவிட்டால் அந்த மேசையை விட்டு எழும்புகிற கதையை நான் இனிமேல் எடுக்கவே கூடாது.

அன்றைக்கே ரயில் ஏறினேன். இரவு முழுக்க நித்திரையில்லை. கமராவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததில், பக்கத்தில் இருந்தவர் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

மாமாவுக்கு எங்கள் ஊரான இணுவிலில் புகையிலைத் தோட்டம். கிணறு நாலு பேருக்குப் பங்கு. ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று இறைப்பு முறை உண்டு. நான் போய்ச் சேர்ந்து விஷயத்தைச் சொன்ன மறுநாள் காலை மாமாவின் முறை. கிணற்றின் மேல் ஏறி இறங்கும் நீண்ட துலா மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் ஒருவர் அதில் தொங்கும் ஓலைப்பட்டையால் தண்ணீரை அள்ளி ஊற்ற, பாத்தியில் ஒருவர் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். மூன்று பேரும் ஓயாமல் அசைகிற வேலை. இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும் என்று துள்ளிக்கொண்டு போனேன்.

போனால், பாதித் தோட்டம் இறைத்ததோடு வேலையை நிறுத்திவிட்டு, மாமா பட்டுச் சால்வையும் கடுக்கனும் நெற்றி நிறையத் திருநீறுமாகத் துலாவில் தூணாக நிற்கிறார். கிணற்றடியில் மச்சான் தலைக்கு எண்ணெய் வழிய வாரிக்கொண்டு, பட்டையைக் குழந்தைபோல் ஏந்தி நிற்கிறான். மாமி கூறைச்சேலையில், கையில் மண்வெட்டி.

நான் சாவியை முறுக்கிப் பொத்தானை அமத்தினேன். கமரா கிர்ர் என்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

"மாமா, நடவுங்கோ!"

மாமா உதட்டை அசைக்காமல் சொன்னார்: "நடந்தால் முகம் கலங்கிப் போகுமடா. உன்ரை சின்னையா கலியாணப் படத்திலை தும்மினவர். இண்டைக்கும் தலையில்லாமல்தான் நிக்கிறார்."

"இது அந்தப் படமில்லை, மாமா. அசையிற படம்!"

"அசையிறது படத்தின்ரை வேலை. நாங்கள் ஏன் அசைய வேணும்?"

ஆட்கள் அசையாவிட்டால் நானாவது அசைவோம் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. கமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடினேன். வாழையில் முட்டினேன். வாய்க்காலில் விழுந்தேன். எழும்பி, நடக்கச் சொல்லிக் கெஞ்சி, திரும்ப ஓடினேன். இப்படியே அரை மணித்தியாலம் போய்விட்டது. கமராவில் மிச்சப் பிலிமைக் காட்டும் முள்ளைப் பார்த்தால், எஞ்சியிருந்தது ஒரு நிமிடமும் சொச்சமும்.

அந்த நேரம் பார்த்து அடுத்த முறைக்காரர் மண்வெட்டியோடு வந்தார்.

"அண்ணை, முறை முடிஞ்சுது. இறங்குங்கோ."

மாமாவுக்கு அப்போதுதான் உலகம் தெரிந்தது. பாதித் தோட்டம் காய்ந்து கிடந்தது. "பொறு தம்பி. உவன் மறிச்சு வைச்சவன். அந்த நேரத்தைத் தந்திட்டுப் போ."

"உங்கடை மருமோன் உங்கடை முறையிலைதானே மறிச்சவன்? அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"என்ரை புகையிலை சாகுது!"

"என்ரை புகையிலை என்ன, சிரிக்குதோ?"

கொஞ்ச நேரம் இப்படியே போனது. பிறகு முறைக்காரர் கமராவைக் கடைக்கண்ணால் பார்த்துச் சால்வையைச் சரிசெய்தார்.

"சரி, ஒண்டு செய்வம். என்னைப் படம் பிடிக்கட்டும். துலாவிலை நான் ஏறிறன். உந்தப் பெட்டி சத்தம் போடும் மட்டும் தண்ணி உங்களுக்கு. சத்தம் நிண்டால் எனக்கு."

மாமா மறுபேச்சில்லாமல் இறங்கி ஓடினார். மாமியின் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்தார். பட்டுச் சால்வை சேற்றில் விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. நான் சாவியை முறுக்கினேன். மச்சான் பட்டையை இழுத்த இழுப்பில், துலாவில் நின்றவர் நடக்காவிட்டால் கிணற்றுக்குள்தான் போக வேண்டும். மூச்சுப் பிடிக்கவும் முகம் காட்டவும் அவருக்கு நேரமில்லை. தண்ணீர் வாய்க்காலில் பாய, மாமா அதற்கு முன்னால் ஓடி ஓடிப் பாத்தி திறந்தார். நான் மண்ணில் குந்தி, முழங்காலில் முழங்கையை ஊன்றி, அசையாமல் பிடித்தேன்.

முள் பூச்சியத்துக்கு வந்தது. பிலிம் முடிந்துவிட்டது. கமரா மட்டும் கிர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

மாமி பக்கத்தில் வந்து குனிந்தாள். "முடிஞ்சுதோ?"

"ஓம் மாமி."

"சத்தத்தை நிப்பாட்டாதை." மாமியின் வாய் அசைந்ததே தெரியவில்லை.

சாவி ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடம் ஓடும். முறுக்குகிற நேரம் நான் வாயாலேயே கிர்ர் என்றேன். கடைசிப் பாத்தி நனையும்வரை, ஏறக்குறைய அரை மணித்தியாலம், வெறுங் கமராவால் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தேன். விரல் தோல் உரிந்தது. முறைக்காரர் வேர்த்து ஒழுகி இறங்கி, "நல்லாய் வந்ததோ?" என்றார். "திறம்" என்றேன்.

கொழும்பில் துரை அறையை இருட்டாக்கிப் படத்தை ஓட்டினார். முதலில் மூன்று சிலைகளைச் சுற்றித் தோட்டம் வெறிகாரன்போல் சுழன்றது. துரை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். பிறகு தண்ணீர் வந்தது. மாமா ஓடினார். துலா ஏறி இறங்கியது. துரை கையை நெற்றியிலிருந்து எடுத்தார். முடிந்ததும், திரும்ப ஓட்டினார். அவர்கள் கமராவை மறக்கும்படி எப்படிச் செய்தாய் என்று கேட்டபோது நடந்ததை எல்லாம் சொன்னேன், வாயால் போட்ட சத்தம் உட்பட.

"நாளைக்குத் துறைமுகத்துக்கு வா. கமராவின் முக்காலியைத் தூக்க வேண்டும்" என்றார்.

அந்தக் கிழமை மாமாவின் கடிதம் வந்திருந்தது. முறைக்காரர் ஒவ்வொரு இறைப்புக்கும் கேட்கிறாராம், தான் அரை மணித்தியாலம் நடந்தது முழுவதும் படத்தில் வருமோ என்று. என்ன மறுமொழி சொல்வது? மேசையில் இருந்து, "முழுவதும் நன்றாகத்தான் வந்தது, துரைதான் வெட்டிப்போட்டார்" என்று அடித்து அனுப்பினேன். தட்டெழுத்தாளனாக நான் அடித்த கடைசிக் கடிதம் அதுதான்.