முதல் ரீலில் பிடுங்கிய ஆணி

போன வாரம் வெள்ளையடிக்க வந்தவர் கூடத்துச் சுவரிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கினார். காரை உதிரும் வாசனை வந்தது. "இது வேணுமாங்க, தூக்கிப் போட்டுடவா?" என்றார். "கொஞ்சம் இருங்க" என்றேன். ஆணி விஷயத்தில் ஒருமுறை அவசரப்பட்டுப் பேசியவன் நான்.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு திரைப்படக் குழு நடத்தினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பிற்பகலில், பள்ளிக்கூட ஹால் ஒன்றின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிப் படம் காட்டுவோம். புரொஜெக்டர் ஒன்றுதான். ஒரு ரீலைக் கழற்றி அடுத்ததை மாட்டப் பத்து நிமிடம் ஆகும். எங்கள் ஆபரேட்டருக்கு அதுவே அவசரம். முதல் இடைவெளிக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒருவர் எழுந்து, தொடக்கக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு, இது எந்தக் காலம், இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும். படத்தை முன்பே பார்த்தவர் பேசக் கூடாது. அவர் சொன்னது சரியா தப்பா என்பதை மீதி ரீல்கள் சொல்லும்.

எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு. மழை பெய்த நாள், பஸ் வராத நாள் எல்லாம் குறிப்பேட்டில் இருக்கும். காலத்தைச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கே ஓர் எண்ணம்.

அன்று பேசுவது என் முறை. அலுவலக நண்பன் ராஜேந்திரன், பக்கத்துப் பூவம் கிராமத்தில் இருந்த தன் தங்கை கமலாவை அழைத்து வந்திருந்தான். அவள் கணவர் வேலைப் பயிற்சிக்கு மெட்ராஸ் போவதாகச் சொல்லிக் கிளம்பி மூன்று வாரம் ஆகியிருந்தது, கடிதம் இல்லை. "வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. ரெண்டு மணி நேரம் மறந்து இருக்கட்டும்னு கூட்டியாந்தேன்" என்றான். அதைக் கேட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் காட்சி இதுதான். தூணில் தொங்கும் சிறு கண்ணாடியின் முன் ஒருவன் முகம் மழிக்கிறான். பின்னால் ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. மழித்து முடித்ததும் கண்ணாடியை டிரங்குப் பெட்டியில் வைக்கிறான். பிறகு ஆணியையும் பிடுங்கி, கல்லில் தட்டி நிமிர்த்திச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். மனைவி நிலைப்படியில் நின்று பார்க்கிறாள். பேச்சே கிடையாது.

நான் எழுந்தேன். "ஜன்னலில் கறுப்புத் தாள். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்ற போர்க்கால உத்தரவு. ஆகவே நாற்பதுகளின் தொடக்கம்" என்றேன். தலைகள் அசைந்தன. அந்த ருசியில் ஆணிக்கு வந்து, அவன் அதைப் பிடுங்கியதையும் நிமிர்த்தியதையும் நீட்டி விவரித்தேன்.

"ஆணிக்கே இவ்வளவா? சுத்தியல் வந்தா நாளைக்குத்தான் வீட்டுக்குப் போவோம்" என்றார் ஆபரேட்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. "ஊருக்குப் போகிறவன் கண்ணாடியை எடுப்பான். ஆணியையும் எடுக்கிறவன் திரும்பி வர மாட்டான்."

கமலா எழுந்தாள். "அண்ணே, நான் வீட்டுக்குப் போவணும்" என்று ராஜேந்திரனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். அவன் பின்னால் ஓடினான். நானும் ஓடினேன்.

பூவத்துக்கு அரை மணி பஸ் பயணம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "அது சும்மா சினிமா, கமலா" என்றான் அவன். கண்டக்டர் டிக்கெட்டுக்கு இரண்டு முறை கேட்டார்.

வீட்டில் நேராகத் தகரப்பெட்டியைத் திறந்தாள். நகைப்பை இருந்தது. "பாத்தியா, எல்லாம் இருக்கு. மாப்ள வந்துருவாரு" என்று ராஜேந்திரன் மூச்சு விட்டான். அவள் இன்னும் அடியில் துழாவிக்கொண்டிருந்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக உதறினாள்.

"நீலக் கவரக் காணோம்ண்ணே."

அவள் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய காகிதங்களும், பிரெஞ்சுக்காரர் காலத்தில் பதிந்த கணவரின் பிறப்புச் சான்றும் அந்தக் கவரில் இருந்தன. மெட்ராஸ் பயிற்சிக்கு அவை எதற்கு? பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிப் பிரான்சுக்குப் போகத்தான் அவை வேண்டும். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"போனா ரெண்டு பேரும்தான்னு சொன்னாரு" என்றாள். அழவில்லை. உதறிய புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

ஆறேழு மாதம் கழித்து பிரான்சிலிருந்து ஒரு கார்டு வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை.

எண்பதுகளின் நடுவில் திருச்சியில் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். கடைசிக் காட்சியில் அவன் திரும்பி வருகிறான். சட்டைப்பையிலிருந்து அதே ஆணியை எடுத்து அதே துளையில் அடிக்கிறான். போர்க்காலத்தில் இரும்பு கிடைக்காது. போகிற இடத்தில் ஆணி இருக்காதென்றுதான் எடுத்துப் போயிருக்கிறான். காலத்தைச் சரியாகச் சொன்ன எனக்கு, அந்த ஆணியும் அதே காலத்தைச் சேர்ந்ததென்று தோன்றவே இல்லை.

பூவத்துக்குப் போய்ச் சொன்னேன். கமலா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். டீச்சர் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். "அந்தப் படத்த நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. அவன் வந்துர்றான்."

"சினிமாவுல வந்துட்டாரா" என்றாள். "நல்லதுங்க. டீ போடவா?"

அந்த ஹாலை இடித்துவிட்டார்கள். ஒற்றைப் புரொஜெக்டரும் அந்தப் பத்து நிமிடமும் இல்லை. பூவத்து வீடு கைமாறி மாடிவீடாகிவிட்டது. என் குறிப்பேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தேதி கிடையாது. 'முதல் ரீல் மட்டும் பார்த்தேன்' என்று ஒரே வரி இருக்கிறது.

வெள்ளையடிப்பவர் காத்துக்கொண்டிருந்தார். ஆணியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.