அமைதியை வாடகைக்கு விட்ட சரோஜா

செங்கம் ரோட்டிலிருந்து மலைப்பக்கம் பிரியும் தெருவில் சரோஜா செய்யும் வியாபாரம் அமைதி. மாடியில் மூன்று அறைகள், மலையைப் பார்த்த ஜன்னல், கொசுவலை, அப்புறம் அமைதி. மகள் அபிநயா போனில் போட்டிருக்கும் விளம்பரத்தில் கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறாள். இதில் வேடிக்கை, அந்தத் தெருவிலேயே பெரிய தொண்டை சரோஜாவுடையதுதான். கல்யாணமாகி வந்த புதிதில் கொல்லையிலிருந்து அவள் கூப்பிட்டால் ரோட்டில் போகிற பஸ் நிற்குமாம். அவள் வீட்டுக்காரர் அப்பாதுரை இன்றைக்கும் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவள் இப்போது சொந்த வீட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறாள். மாடியில் தியானம் முடியும்வரை மிக்சி ஓடாது. குக்கர் விசிலடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாள், அதனால் பருப்பு வெந்தும் வேகாமலும் இருக்கும். அப்பாதுரைக்குத் தும்மல் வந்தால் தெருமுனைக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். எல்லாம் ஹெல்காவுக்காக. வருஷத்தில் பாதி நாள் மாடியில் தங்குகிற ஜெர்மன்காரி, மதியம்வரை மௌனம். மற்ற அறைகளுக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அவளுடைய ஓர் அறைதான் அபிநயாவின் காலேஜ் படிப்பைத் தாங்கியது.

தெருவே அப்படித்தான் மாறிப்போயிருந்தது. எதிர்வீட்டு இருசப்பன் மாட்டுக்கொட்டகையை இடித்துவிட்டு யோகா ஹால் கட்டினார். பக்கத்தில் எழிலரசியின் காபிக்கடையில் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று இங்கிலீஷில் ஒரு பலகை. அதைப் படிக்கிறவர்கள் சத்தம் போடுவதில்லை, சத்தம் போடுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை.

ஆடி மாதம் கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஞாயிறு வந்தால்தான் தெருவுக்கே தலைவலி. மைக்செட் கண்ணாயிரம் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, விடிவதற்குள் பாட்டைப் போட்டுவிடுவான். போன வருஷம் ஹெல்கா பெட்டியோடு மாடிப்படி இறங்கியே விட்டாள். சரோஜா கையைப் பிடித்துக் கெஞ்சித்தான் நிறுத்தினாள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் வீடு பார்த்துக்கொள்வதாக ஹெல்கா அபிநயாவிடம் சொல்லி வைத்தாள்.

இந்த வருஷம் குழாய் வேண்டாம் என்று சரோஜா கோயில் கமிட்டியில் சொல்லியிருக்கலாம். செத்தாலும் சொல்ல மாட்டாள். ஏனென்றால் கூழ் ஊற்றுவதற்கு முன்னால் மைக்கில் அம்மன் தாலாட்டு பாடுவது அவள்தான். வருஷம் பூராவும் அமுக்கி வைத்த குரலை அவிழ்த்துவிட அவளுக்கு அந்த ஒரு நாள்தான் உண்டு. தாலாட்டைக் கேட்டு ஊர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். துடைக்காதவர்களோடு ஆவணி பிறக்கும்வரை அவள் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

பாட்டையும் விட முடியாது, ஹெல்காவையும் விட முடியாது. யோசித்து யோசித்து, சனிக்கிழமை சாயங்காலம் சுடச்சுட மசால்வடையோடு வேப்பமரத்தடிக்குப் போனாள். கண்ணாயிரம் மேலே குழாய் கட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, இந்தக் கொழாய மட்டும் கொஞ்சம் அந்தாண்ட திருப்பிக் கட்டுப்பா. பாட்டு ஊருக்கு நல்லா கேக்கணும். என் மாடிக்கு மட்டும் கேக்கக் கூடாது.”

கண்ணாயிரம் வடையை மென்றபடியே தலையாட்டினான். தின்ற வாயால் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆள்.

மறுநாள் காலை மாடிக்கதவு சாத்தியே இருந்தது, பாட்டும் எங்கேயோ கொசு ரீங்காரம்போலத்தான் கேட்டது. வடை வேலை செய்துவிட்டது என்று சரோஜாவுக்கு உள்ளூரக் குஷி. மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், மைக்கைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நடுவில் அவளுக்கே தொண்டை அடைத்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி எடுத்தாள்.

கண்ணைத் திறந்தால் ஒருத்தர் கண்ணிலும் ஈரமில்லை. சொம்பும் தூக்குமாக இடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தின் இரைச்சலில் முன்னால் நின்றவர்களுக்கே அரையும் குறையுமாகத்தான் காதில் விழுந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அப்பாதுரை வந்து சேர்ந்தார். வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்.

“இன்னா சரோஜா, இன்னும் பாடலியா?”

சரோஜா நேரே கண்ணாயிரத்திடம் போய் நின்றாள். அவன் தலையைச் சொறிந்தான். இருசப்பன் தோசை வாங்கிக் கொடுத்து யோகா ஹால் பக்கம் வேண்டாம் என்றாராம். எழிலரசி கேக் கொடுத்துக் காபிக்கடைப் பக்கம் வேண்டாம் என்றாளாம். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை.

“அவங்கவங்க பக்கத்து வூட்டுக்குத் திருப்புன்னாங்கக்கா. பக்கத்து வூட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு. நான் இன்னா பண்றது? எல்லாத்தயும் ஏரியப் பாத்துத் திருப்பிட்டேன்.”

வற்றிப்போன ஏரிக்கா பாடினோம் என்று சரோஜாவுக்கு அழுகை முட்டியது. திட்ட வாயெடுத்த நேரத்தில், ஏரிக்கரைப் பாதையில் ஹெல்கா வந்துகொண்டிருந்தாள். கக்கத்தில் பாய், முகமெல்லாம் சிவப்பு. இன்றைக்குத் திருவிழா, பாட்டுச் சத்தம் தாங்காது என்று தெரிந்து, யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று விடியும் முன்பே சத்தமில்லாமல் படியிறங்கி ஏரிக்கரைக்குத் தியானம் பண்ணப் போயிருக்கிறாள்.

மதியம் தாண்டிவிட்டதால் மௌனமும் முடிந்திருந்தது. ஹெல்கா கொட்டித் தீர்த்தாள். தெரு முழுக்கக் கைகட்டி நின்றது. அபிநயா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். கரையில் எங்கே நகர்ந்து உட்கார்ந்தாலும் ஊரிலிருக்கிற அத்தனை குழாயும் அவள் ஒருத்தியைப் பார்த்தே கத்தியதாம், நாளைக்கே அடி அண்ணாமலைக்குப் போகிறாளாம்.

சரோஜாவின் காதில் பாதிதான் ஏறியது.

“கடசியா ஒரு தாலாட்டு வந்துச்சே, அது முழுசா கேட்டுச்சானு கேளுடி.”

ஹெல்கா பேச்சை நிறுத்தினாள். சரோஜாவையே பார்த்தாள். கையைத் தன் தொண்டையில் வைத்துக் காட்டி, மெதுவாக ஏதோ சொன்னாள்.

“நடுவுல உனுக்குத் தொண்ட அடைச்சிதாமே,” என்றாள் அபிநயா. “அப்ப அவங்களுக்கும் அழுகை வந்துடுச்சாம்மா.”

சரோஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்டாவிலிருந்து ஒரு சொம்புக் கூழை மொண்டு, வெங்காயத்தைக் கிள்ளிப் போட்டு, ஹெல்காவின் கையில் திணித்தாள். ஹெல்கா அதைக் குடித்தாள், வீடு மாற்றும் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. சரோஜா கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினாள். மைக் இல்லாமல் வருஷக்கணக்கில் அந்தத் தெரு கேட்டிராத முழுக்குரல் ரோடுவரைக்கும் போனது.

“கண்ணாயிரம், அடுத்த வருசமும் எல்லாக் கொழாயும் ஏரிப் பக்கமே இருக்கட்டும். இவள நான் கூட்டிட்டுப் போய் ஒக்கார வெக்கிறேன்.”