ஆறு பேர் உட்காரும் கார்

மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை காலை. சோலோதுர்ன் என்கிற சிறு நகரத்தில், ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டரின் கராஜில், சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்திருந்தேன். மேலே ஓர் அமெரிக்க கார். என் மூக்குக்கும் அதன் அடிவயிற்றுக்கும் ஒரு சாண் இடைவெளி. பக்கத்தில் குந்தியிருந்த டாக்டர், டார்ச் அடித்து ஒவ்வோர் ஓட்டையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கே ஒன்று. இதோ, இது பெரியது. இது போன குளிர்காலத்தில் வந்தது."

விற்கிறவர் பேசுகிற பேச்சா இது? நம் ஊரில் என்றால் 'சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி' என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். இங்கே ஓட்டினது நிஜமாகவே டாக்டர். அவரே வாங்காதே என்கிற மாதிரி பேசுகிறார்.

வாங்க வந்தவன் நானில்லை. சிவபாலன். யாழ்ப்பாணத்துக்காரர், பீலில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. அகதியாக வந்து பல வருடம் இழுத்தடித்து, இப்போதுதான் பெர்மிட் கைக்கு வந்திருக்கிறது. நான் பாசலில் மருந்து கம்பெனியில் குப்பி குலுக்குகிறவன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் படித்த காலத்தில் இதே மாதிரி ஒரு வண்டி வைத்திருந்தேன் என்று ஒருநாள் அவரிடம் உளறித் தொலைத்தேன். அன்று முதல் நான் நிபுணர்.

சரி, நிபுணராகவே சொல்கிறேன். அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. கியர் பாக்ஸ் நம்மையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டுத்தான் போகும். ஆனால் உடம்பு? இந்த ஊரில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு தின்ற இரும்பு அப்பளம்தான். கூரை மேல் அழகுக்கு ஒட்டிய ரெக்ஸின், உள்ளே தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். ஒரு பிரேக் குழாய் போனால் கப்பலில் வர வேண்டும். நீளமோ ஐந்தரை மீட்டர் — பீலில் எந்த பார்க்கிங் கோட்டுக்குள்ளும் அடங்காது. பெட்ரோல்? சாவியைப் போட்டாலே முள் இறங்குகிறது. எஞ்சின் பெரிசானால் வருட வரியும் பெரிசு. (பெயர் சொல்லவில்லை. செய்த கம்பெனி நன்றாகத்தான் செய்தது, கெடுத்தது உப்பு.)

இத்தனையையும் தரையில் படுத்தபடியே தமிழில் எடுத்துச் சொன்னேன். சிவபாலன் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் அண்ணை. ஆனா முன்னுக்கு மூண்டு பேர் இருக்கலாமெல்லே?"

இருக்கலாம்தான். இந்த கார்களில் முன்சீட் சோபா மாதிரி ஒரே நீளம், கியர் ஸ்டியரிங் பக்கத்தில். பின்னால் மூன்று, முன்னால் மூன்று. இந்த ஊரில் ஆறு பேர் சட்டப்படி உட்காரக்கூடிய சாதாரண கார் வேறு எங்கே கிடைக்கும்?

அங்கேதான் வந்தது வினை. சிவபாலனின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அடுத்த மாதம் ஸூரிக்கில் வந்து இறங்குகிறார்கள். அவரையும் சேர்த்து ஐந்து. ஆறாவது, மூத்த மகள் சுமதி. அப்பா குடும்பத்தைக் கூப்பிட மனுப் போட்டபோது அவள் ஸ்கூல் பிள்ளை. தலைநகர் பேர்னில் ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்து பதில் வருவதற்குள் அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வளர்ந்தவள், குடும்பத்தில் சேர்த்தியில்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள். கொழும்பில் சித்தி வீட்டில் இருக்கிறாள். அப்பீல் போட்டிருக்கிறார். எப்போது பதில் வரும், வருமா — யாருக்கும் தெரியாது.

"சிவபாலன், இப்ப நீங்க அஞ்சு பேர்தான். நல்லதா ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்குங்க. அவ வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

"ஏலாது அண்ணை. அவளுக்கு எழுதிப்போட்டன். அப்பா கார் பாக்கிறன், முன்னுக்கு எனக்கும் அம்மாவுக்கும் நடுவில உன்ர இடம் எண்டு."

எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியாத எரிச்சல். எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டேன்.

டாக்டர் மனைவி காபி கொடுத்தார். டாக்டர் வண்டியின் சாம்பல் நிறப் பத்திரத்தை மேஜையில் வைத்தார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இருக்கைகள் என்ற இடத்தில் — 5.

"ஐந்தா? ஏன்?"

டாக்டர் சிரித்தார். முன்சீட்டின் நடுவில் அவருடைய நாய் படுத்துக்கொள்ளுமாம். பெல்ட் கொக்கி அதை உறுத்துகிறது என்று கழற்றிவிட்டாராம். கழற்றினால் கழற்றிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? இல்லை. வண்டிப் பதிவு ஆபீசுக்கே போய், என் காரில் ஒரு மனிதருக்கு இடம் குறைந்துவிட்டது என்று தானே எழுதிக் கொடுத்திருக்கிறார்! நாய்க்காக ஒரு ஸீட்டை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்த மனிதரை வேறு எந்த தேசத்தில் பார்க்க முடியும், சொல்லுங்கள்.

எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. நான் சொன்ன துரு, வரி, பெட்ரோல் எதுவும் எடுபடவில்லை, ஒரு நாய் என்னைக் காப்பாற்றிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். சிவபாலன் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஐந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. இன்னொரு காகிதத்திலும் இதே ஐந்தைப் பார்த்த மனிதர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டாக்டரிடம், "மறுபடி பெல்ட் போட்டால் ஆறாக்கித் தருவார்களா?" என்று கேட்டேன். நான்! சிறந்த நிபுணர்.

தருவார்களாம். பழைய பெல்ட் பத்திரமாக அலமாரியில் இருந்தது, லேபிள் ஒட்டி. ஆனால் பத்திரத்தில் ஸீட் கணக்கை மாற்ற வேண்டுமானால் வண்டி முழுவதையும் பரிசோதனைக்குக் கொண்டு போய்க் காட்ட வேண்டும். துரு, ஓட்டை, ஒழுகல் எல்லாமும்.

வாங்கியாயிற்று.

அடுத்து சிவபாலன் செய்த காரியத்தைக் கேளுங்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வண்டியின் அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை! ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் சுத்தியல் தூக்கினாலே மாடி வீட்டு அம்மாள் படியிறங்கி வருவார். வந்தார். சிவபாலன் அவருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாராம்.

போன செவ்வாய்க்கிழமை பரிசோதனை. நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட அதிகாரி வண்டிக்கு அடியிலிருந்த பள்ளத்தில் இறங்கி, மேலே அண்ணாந்து பார்த்தார்.

"புதுப் பெயிண்ட்டா? நல்லது. எங்கே குத்திப் பார்க்க வேண்டும் என்று நீங்களே அடையாளம் போட்டுவிட்டீர்கள்."

ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். குத்தினார். குத்திக்கொண்டே இருந்தார். நான் குனிந்து ஒவ்வொரு குத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். சிவபாலனோ கீழே பார்க்கவே இல்லை, முன்கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் அதிகாரி மேலே வந்து டேப்பை எடுத்தார். முன்சீட்டை அளந்தார். ஒருமுறை போதாதா? இரண்டாம் முறையும் அளந்தார். நடுவில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, வெடுக்கென்று இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"யார் உட்காருவார் இங்கே?"

"என்ர மகள்" என்றார் சிவபாலன், பதற்றத்தில் தமிழிலேயே. நான் ஜெர்மனில் சொன்னேன். அதிகாரி தலையாட்டிவிட்டு ஏதோ எழுதினார்.

வெளியே வந்து தாளைப் பிரித்தேன். பதினொரு குறைகள்! வெல்டிங், பிரேக் குழாய், எண்ணெய் ஒழுகல், இடது விளக்கு... எல்லாவற்றையும் சரிசெய்து ஒரு மாதத்துக்குள் மறுபடி காட்ட வேண்டும். ஒன்றொன்றாகப் படிக்கப் படிக்க என் குரல் உயர்ந்துகொண்டே போனது. "சொன்னேனா இல்லையா? தரையில் படுத்துக்கொண்டு சொன்னேனா இல்லையா?"

சிவபாலன் தாளை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார். பதினொன்றையும் தாண்டிக் கீழே ஒரு வரியில் விரலை வைத்தார். இருக்கைகள்: 6. பக்கத்தில் கையெழுத்து.

"அண்ணை, பேர்னில எங்களை அஞ்சு பேர் எண்டு எழுதினவங்கள். இவங்கள் ஆறு எண்டு எழுதித் தந்திருக்கிறாங்கள். சீலும் குத்தியிருக்குது, பாருங்கோ."

பார்த்தேன். குத்தியிருந்தது.

பழைய அமெரிக்க கார் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் கூடாது என்றுதான் சொல்வேன் — வீட்டில் எல்லோரும் ஒரே ஊரில் இருக்கிறவர்களுக்கு.