கரப்பந்துக் குழு நிற்கிறது

பிள்ளைகளே, பாரிஸில் எங்கட தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் மரக்கறி வாங்கும் கடைக்காரர் கோடையிலும் கழுத்தில் நீலச் சால்வை சுற்றியிருப்பார். அது ஒரு தனியார் பல்கலைக்கழகக் கரப்பந்துக் குழுவின் சால்வை.

ஒருநாள் வாடிய முகத்தோடு, "எங்கட குழுவை நிப்பாட்டப் போகினமாம்" என்றார்.

"உங்கட பிள்ளை விளையாடுதோ, அண்ணை?"

"இல்லைத் தம்பி. நடத்திறவைக்கு அது செலவு. நான் கிழமைக்கொருக்கா ஆட்டம் பார்க்கப் போறனான். எனக்கு அதுதான் சனிக்கிழமை."

ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். இவரும் கடையைப் பூட்டிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை என்னைக் கண்டதும், "குழு நிக்குது தம்பி" என்றார்.

"ஐயோ, நிண்டு போச்சோ?"

"விசரா, நிப்பாட்டேல்லை. இனியும் இருக்குமாம்" என்று சிரித்தார்.

அந்தக் குழுவின் ஓர் ஆட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஏனென்று இன்னும் தெரியவில்லை.