கேட்டில் மாட்டிக்கொண்ட ஆறு எண்கள்

லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்தேன். பழைய வரைபடம். திருத்தியது மத்திகிரியில், என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. காப்பி எடுக்க மறந்த இந்த மண்டையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

நான் உதிரிபாகங்கள் வார்க்கும் அச்சுகளை வடிவமைப்பவள். சூளகிரிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு அன்று தனியாக வந்திருந்தேன். "பன்னெண்டுக்குள்ள சரியான டிராயிங் வரலைன்னா வேற பட்டறைக்குக் குடுத்துடுவோம் மேடம்" என்றார் மேனேஜர். குடுத்துவிட்டால் எங்கள் பட்டறையில் ஆறு பேருக்கு அடுத்த மாதம் வேலை இல்லை. அதில் நானும் ஒருத்தி.

வீட்டுக் கம்ப்யூட்டரை எங்கிருந்தும் திறக்க நானே வழி செய்து வைத்திருந்தேன். கடவுச்சொல் மட்டும் போதாது. போனில் முப்பது நொடிக்கொரு தடவை மாறும் ஆறு எண்களையும் போட வேண்டும். இரட்டைப் பூட்டு என்று ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன். போனோ கேட்டில். உள்ளே கொண்டுவரக் கூடாது என்று காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். போய்வர இருபது நிமிடம். கையில் இருந்ததோ பதினைந்து. ஆப்பசைத்த குரங்காய் நான் போட்ட பூட்டில் நானே மாட்டிக்கொண்டேன்.

அறையில் இருந்த இன்டர்காமில் கேட்டைக் கூப்பிட்டேன். காலையில் என் பையைச் சோதித்த செக்யூரிட்டி அக்காதான் எடுத்தார். போனைத் திறக்கும் நம்பரைச் சொல்கிறேன், உள்ளே இருக்கும் ஆறு எண்களைப் படியுங்கள் என்று கெஞ்சினேன்.

"அதெல்லாம் ஆகாதும்மா. நீங்கதான் பேசறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பல்லைக் கடித்தேன். இதே பாடத்தை எத்தனை பேருக்கு நான் எடுத்திருப்பேன்!

"சரி, காலையில உங்க டிபன் டப்பாவத் தெறந்து பாத்தேன்ல? உள்ள என்ன இருந்துச்சு, சொல்லுங்க."

போச்சு. டப்பா கட்டியது வீட்டுக்காரர். இந்த அக்கா திறந்து பார்த்தபோது நான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். களி என்று சொல்லலாம், புளிசாதம் என்று சொல்லலாம். தப்பினால் போனை வைத்துவிடுவார். கடிகாரத்தில் எட்டு நிமிடம்தான் பாக்கி. மேனேஜர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலைக்கா. எங்க வீட்டுக்காரர் கட்டுனது. நான் இன்னும் பாக்கல."



"காலையிலயும் இதையேதான் சொன்னீங்க" என்றார் அக்கா. "நம்பரச் சொல்லுங்க."

மேனேஜரும் அறையில் இருந்த மூன்று ஆண்களும் கேட்க, என் போனைத் திறக்கும் நம்பரைப் பகிரங்கமாகச் சொன்னேன். அவர் படித்த ஆறு எண்களை அடிப்பதற்குள் முப்பது நொடி கடந்து எண்கள் மாறிவிட்டன. மறுபடி படித்தார். இம்முறை என் வீட்டுத் திரை விரிந்தது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வரைபடம் மேனேஜர் கைக்குப் போனது.

மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். தக்காளி சாதம். ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் கேட்டில் போனை நீட்டிய அந்த அக்கா, "மொதல்ல அந்த நம்பர மாத்துங்க" என்று சொல்லி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். மாற்றிவிட்டேன் என்று நான் சொல்லும்வரை திரும்பவே இல்லை.